காது கேட்காத ராஜபாளையம் குட்டி: திருப்பிக் கொடுக்கவா, வைத்துக்கொள்ளவா?

சிவதாபுரம் பட்டறை (கேள்வி)

வணக்கம். எனக்குச் சேலம் சிவதாபுரம். வீட்டோடு ஒட்டிய கொலுசுப் பட்டறை. நானும் மனைவியும், கூட இரண்டு ஆட்கள். வெள்ளி புழங்குகிற இடம் என்பதால் ராத்திரிக் காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று ரொம்ப நாளாகப் பேச்சு. மாமனார் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். 2005 ஜனவரியில் நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டார்களே, அதில் ராஜபாளையமும் ஒன்று. அந்தத் தலையை இன்னும் ஆல்பத்தில் வைத்திருக்கிறார். "வளர்த்தா அதைத்தான் வளர்க்கணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். சரி என்று ராஜபாளையம் பக்கம் ஒருவரிடம் 15,000 ரூபாய் கொடுத்து 45 நாள் குட்டியாக வாங்கி வந்தோம். ஆண், பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. வரும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிய டப்பா மடியில் இருந்ததால், இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் பையன் பால்கோவா என்றே பெயர் வைத்துவிட்டான். இப்போது கோவா.

ஆடிப் பண்டிகை எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் வேட்டுப் போட ஆரம்பித்ததும் தெரு நாய்கள் எல்லாம் சாக்கடைப் பாலத்துக்கு அடியில் புகுந்துகொண்டன. கோவா மட்டும் வாசல்படியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். மாமனாருக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா, இனம்னா இதுதான்!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார். என் மனைவிதான், "இனமும் இல்லை, வீரமும் இல்லை. இதுக்குக் காது கேக்கலைப்பா" என்றாள்.

எனக்கு அதற்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் எவர்சில்வர் தட்டு ஒன்றைப் பின்னால் போட்டுப் பார்த்தேன். உடனே திரும்பினான். கேட்கிறது என்று விட்டுவிட்டேன். சிமெண்டுத் தரை அதிர்ந்ததில்தான் திரும்பியிருக்கிறான் என்பது இப்போது புரிகிறது. வேட்டுக்கு மறுநாள் அவன் கட்டிலில் படுத்திருந்தபோது, பின்னால் நின்று அதே தட்டைக் கரண்டியால் அடித்தேன். காது மடல்கூட அசையவில்லை. டாக்டரிடம் காட்டினோம். பிறவிச் செவிடு, ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

விற்றவருக்குப் போன் செய்தேன். சண்டை எதுவும் போடவில்லை. "கொண்டாந்து விடுங்க, வேற குட்டி தரேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள வாங்க, இந்த ஈத்துல ரெண்டுதான் மிச்சம்" என்றார். இவனை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "அது என் பாடு, உங்களுக்கு எதுக்குங்க?" என்றார். அதோடு போனை வைத்திருக்கலாம். அந்த ஒரு பதில்தான் நாலு நாளாகத் தூங்க விடவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபமும் இருக்கிறது. கடி ரொம்பப் பலமாக இருக்கிறது. மற்ற குட்டிகள் நாம் 'ஆ' என்றால் விட்டுவிடும், இவன் விடுவதில்லை. கேட் திறந்தால் ரோட்டுக்கு ஓடுகிறான். கத்திப் பிரயோஜனம் இல்லை. காவலுக்கு வாங்கினது கூப்பிட்டாலே திரும்பாது என்றால், அது எப்படி என் நாய் ஆகும்? பையன் வேறு அவனோடுதான் பாயில் உருளுகிறான். மாமனார் இரண்டு நாளாக ஆல்பத்தைத் தொடவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போகவா, வேண்டாமா?

சூரமங்கலம் ஜங்ஷன்

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போய் மாற்றிக்கொண்டு வாருங்கள். 15,000 கொடுத்தது காவலுக்கு. வெள்ளி இருக்கிற வீட்டில் பூட்டு சரியில்லை என்றால் பாவம் பார்த்து அதையே மாட்டிவைப்பீர்களா? நானும் இரண்டு நாய் வைத்திருக்கிறேன், நாய் பிடிக்காத ஆள் இல்லை. ராஜபாளையம் 12 வருஷம் போல இருக்கும். இன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது என்பதற்காக 12 வருஷத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். அதுவும் சின்னப் பையன் இருக்கிற வீடு.

தலைவாசல் மாணவி

நான் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். இன்னும் டாக்டர் ஆகவில்லை, அதனால் இதை வைத்தியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு அபூர்வம் இல்லை. காரணம் அந்த வெள்ளைதான். தோலுக்கும் ரோமத்துக்கும் நிறம் தருகிற செல்கள் இருக்கின்றன அல்லவா, அதே வகைச் செல்கள் உள்காதிலும் வேண்டும். ஒலியை வாங்குகிற மெல்லிய மயிர்ச் செல்கள் பிழைத்திருப்பது அவற்றை நம்பித்தான். நிறச் செல்கள் அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே மயிர்ச் செல்கள் அழிந்துவிடும். குட்டிக்குக் காதுத் துவாரம் திறப்பதே பிறந்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துத்தான். ஆக, இவன் உலகத்தை ஒரு நாளும் சரியாகக் கேட்டிருக்க மாட்டான். டால்மேஷியனிலும் இதே கதைதான். சொட்டு மருந்து, எண்ணெய் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

விற்றவர் தெரிந்தே ஏமாற்றினார் என்று சொல்லிவிட முடியாது. கூடப் பிறந்த குட்டிகள் ஓடினால் செவிட்டுக் குட்டியும் கூடவே ஓடும், அவை எழுந்தால் எழும். கூட்டத்தில் இருக்கிறவரை தெரியாது. ஒரு காது மட்டும் கேட்காத நாய்களும் உண்டு, அவற்றை வீட்டில் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம். பேயர் என்று ஒரு சோதனை இருக்கிறது. சத்தம் கொடுத்து மூளையில் மின் அலை எழுகிறதா என்று பதிவு செய்து பார்ப்பார்கள், அதுதான் நிச்சயம்.

இரண்டு விஷயம் மட்டும். வைத்துக்கொண்டாலும் கொடுத்தாலும் இவனிடமிருந்து குட்டி எடுக்கக் கூடாது. திருப்பிக் கொடுத்தால் அது உங்கள் கையில் இல்லை என்பதையும் யோசியுங்கள். அப்புறம், பட்டறையில் வெள்ளி வெளுக்க அமிலத் தொட்டி வைத்திருப்பீர்களே, 'ஏய்' என்று அதட்டி நிறுத்த முடியாத நாய் இது. நாளைக்கே அந்தப் பக்கம் ஒரு தடுப்பு போட்டுவிடுங்கள்.

நாகலூர் காப்பித் தோட்டம்

தம்பி, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பி. எனக்கு 58 வயது, பேத்தியின் போனில் மெதுவாகத் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களிடமும் காது கேட்காத ராஜபாளையம் இருக்கிறது. 9 வயது. பெயர் மணி. கேட்காது என்று தெரிவதற்கு முன்னால் வைத்த பெயர், சிரிக்காதீர்கள்.

நல்ல நாய் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்துத் தோட்டத்துக் கோழி இதுவரை 11 பிடித்திருக்கிறான். கோழிக்கு 400 ரூபாய் வீதம் கொடுத்து, முகத்தையும் கொடுத்துப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். இது மூக்கை விடக் கண்ணை நம்புகிற வேட்டை நாய். எங்கேயோ ஒன்று அசைந்தால் போதும், கால் தானாகக் கிளம்பிவிடும். காது கேட்கிற நாயாவது அதட்டலுக்குப் பாதியில் ஒரு நொடி தயங்கும். இவன் ஓடும்போது நான் போட்ட கத்தல் எல்லாம் சேர்வராயன் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும், அவனுக்குக் கேட்கவில்லை.

முதல் ஒரு வருஷம் எனக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. எங்களுக்கும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்கள். மழை விடட்டும், பழம் பறித்து முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தோம்.

அப்போது என் மாமியார் இருந்தார். 80 தாண்டியவர், இரண்டு காதும் போய்விட்டது. அவர் அறைக்குள் யார் போனாலும் பலகைத் தரையைக் காலால் இரண்டு தட்டுத் தட்டி, அவர் கண்ணில் பட்டு, அப்புறம்தான் பக்கத்தில் போக வேண்டும். மறந்தால் திடுக்கிட்டுக் கையில் இருப்பதை வீசிவிடுவார். ஒரு தடவை காப்பித் தம்ளர் என் நெற்றியில் பட்டது. அவரை மாற்றிக் கொடுப்பார்களா என்ற யோசனை எனக்கு வந்ததுண்டு, வெளியே சொன்னதில்லை. மணியை முதலில் பிடித்துக்கொண்டது அவர்தான். கைத்தடியால் தரையில் இரண்டு தட்டுவார், சமையல்கட்டில் இருப்பவன் எழுந்து போய் அவர் கட்டில் பக்கம் நிற்பான். நாங்கள் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த ஆறு மாதமும் அவர்கள் இரண்டு பேரும் பலகை வழியாகப் பேசியிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தினமும் மாமியாருக்குத் தட்டுகிற காலால் நாய்க்கும் தட்டலாம் என்று தோன்றவில்லையே.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. தூங்குகிறவனைத் தொடாதீர்கள். ஒரு ராத்திரி கரண்ட் இல்லாதபோது என் வீட்டுக்காரர் இவன் வாலை மிதித்துவிட்டார், கணுக்காலில் நாலு பல் பதிந்தது. தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விடவில்லை. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போய், 0, 3, 7, 28 என்று நாள் கணக்கில் ஊசி போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் எங்கள் வழக்கம் இது: முதலில் மூக்குக்குப் பக்கத்தில் கையைக் காட்டுவோம். வாசனை பட்டதும் மூக்குத் துவாரம் இரண்டும் அசையும், கண் அதற்கப்புறம்தான் திறக்கும். கண் திறந்த பிறகு தோளைத் தொடுவோம். தொட்டவுடன் ஏதாவது தின்னக் கொடுப்போம். நாளாக ஆக, தொட்டு எழுப்பினால் நல்லது நடக்கும் என்று பழகிவிடும். உங்கள் பையனுக்கு இதை முதல் பாடமாகச் சொல்லுங்கள். தூங்கும்போது கட்டிப்பிடிப்பது அறவே கூடாது, கூட உருளுவதும் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

சைகை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே சைகை. எங்களிடம் பழம் பறிக்க வருகிறவர்களுக்குக்கூட மூன்று சைகை தெரியும். உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்கார், கட்டைவிரல் சபாஷ், கையை மார்புக்கு இழுத்தால் வா. அதைவிட முக்கியம், அவனாகத் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் கூலி கொடுங்கள். வேகவைத்த ஈரலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டி, ஆறு மாதம் மடியில் கட்டிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கு மணி பத்தடி நடந்தால் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்க்கிறான். கடிப்பதற்கு, கடித்த உடனே எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள். 'ஆ' என்பது அவனுக்குக் கேட்காது, ஆட்டம் நின்றுபோனது தெரியும்.

அவிழ்த்து விடாதீர்கள். ரோட்டில் ஒரு நாளும் கூடாது. ஹாரன் அவனுக்கு இல்லை. கேட்டுக்கு உள்ளே இன்னொரு சின்ன கேட் போட்டுவிடுங்கள். கழுத்துப் பட்டையில் 'காது கேட்காது' என்று எழுதி, போன் நம்பரும் போடுங்கள். எங்கள் மலையில் பனிமூட்டம் இறங்கினால் நாலடி தள்ளி இருக்கிற காப்பிச் செடி தெரியாது. மற்ற நாய்க்கு அப்போது காது இருக்கிறது. இவனுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிடும். ஒரு டிசம்பரில் அப்படி மூடிக்கொண்டபோது, நான் இருக்கிற இடத்துக்குப் பத்தடியில் நின்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். குரைப்புகூட இல்லை, ஒரு மாதிரி ஊளை. நாங்கள் வளர்க்கிற நாட்டு நாய் கறுப்பிதான் போய் அவனை உரசிக் கூட்டி வந்தாள். அன்றிலிருந்து பனி இறங்கினால் கயிறு என் இடுப்பில்.

காவல் என்று கேட்டீர்கள். மணி காவலுக்கு ஆக மாட்டான். கறுப்பி குரைப்பாள். அவள் காது நிமிர்வதைப் பார்த்து இவன் எழுந்து நிற்பான். அந்த உயரத்தைப் பார்த்து வந்தவர் அங்கேயே நிற்பார், அவ்வளவுதான். நீங்களும் பின்னால் ஒரு நாட்டுக் குட்டி எடுக்கலாம். இப்போதே வேண்டாம், முதலில் இவன் உங்களைப் பார்க்கப் பழகட்டும். இடி இடிக்கும்போது கறுப்பி கட்டிலுக்கு அடியில் நடுங்குவாள், இவன் இவளுக்கு என்ன வந்துவிட்டது என்று குனிந்து பார்ப்பான். தீபாவளி உங்களுக்கு நிம்மதி.

வைத்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன் தம்பி. ஜங்ஷன்காரர் சொன்னதில் தப்பில்லை, 12 வருஷம் 12 வருஷம்தான். ஆனால் வைத்துக்கொள்வதானால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே போன் செய்து, வரமாட்டேன், அந்தக் குட்டியை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அந்த வழி திறந்திருக்கிறவரை அவன் கடிக்கிற ஒவ்வொரு கடிக்கும் நீங்கள் அந்தப் பக்கம்தான் பார்ப்பீர்கள். நான் ஒரு வருஷம் பார்த்தேன். அந்த ஒரு வருஷமும் அவனுக்கு ஒரு சைகைகூட உருப்படியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சூரமங்கலம் ஜங்ஷன்

அக்கா சொல்வதைப் படித்தேன். என் கருத்து மாறவில்லை. ஆனால் வைத்துக்கொள்வதானால், நாயை நம்பிப் பட்டறையைத் திறந்து போடாதீர்கள். நல்ல கேமரா ஒன்று, ஷட்டருக்கு நல்ல பூட்டு. காவல் செலவு தனி, நாய்ச் செலவு தனி என்று பிரித்துவிட்டால் நாய் மேல் கோபம் வராது.

சிவதாபுரம் பட்டறை

எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமையே போன் செய்துவிட்டேன் அக்கா. "உங்க இஷ்டம்" என்றார். அதே ஜோடியில் மறுபடியும் குட்டி எடுக்காதீர்கள், மாணவி சொன்ன காரணம் இது என்று விவரமாகச் சொன்னேன். "அதெல்லாம் நூத்துல ஒண்ணுங்க" என்று வைத்துவிட்டார்.

கேமராவுக்குச் சொல்லியாகிவிட்டது. அமிலத் தொட்டிக்கு இடுப்பளவு தடுப்பு. கொலுசுக்கு வைக்கிற சலங்கையில் நாலு எடுத்து அவன் பட்டையில் கோத்துவிட்டேன். அவனுக்குக் கேட்காவிட்டாலும் அவன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குக் கேட்கட்டும். முதல் நாள் ராத்திரி மனைவி, யாரோ கொலுசோடு நடக்கிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். இன்னொன்று, பட்டறைத் தரையில் புரண்டு புரண்டு அவன் ரோமத்தில் வெள்ளித் தூள் ஏறியிருக்கிறது. பட்டறையில் கூட்டுகிற குப்பையையே நாங்கள் வீசுவதில்லை. அதனால் அவனைக் குளிப்பாட்டிய தண்ணீரையும் தொட்டியில் பிடித்துவைக்கச் சொல்கிறார் எங்கள் ஆள். விளையாட்டுக்கா, நிஜமாகவா என்று தெரியவில்லை.

கம்பி இழுக்கிற மெஷினின் காலில் தாடையை வைத்துத்தான் எப்போதும் தூங்குவான். சூட்டுக்கு என்று நினைத்திருந்தோம். நேற்றுக் கவனித்தேன். மெஷினை நிறுத்தியவுடன் கண்ணைத் திறந்து, யார் நிறுத்தியது என்று ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான்.

கடி குறையவில்லை. இன்று காலைகூட என் கையில் இரண்டு கோடு, கழுவிவிட்டு ஊசிக்குப் போய் வந்தேன். மாமனார் வாசலில் நின்று "கோவா! கோவா!" என்று இன்னமும் கத்துகிறார். கத்திவிட்டு, நினைவு வந்து, செருப்பைத் தரையில் தட்டுகிறார்.

அக்கா, ஒரு சந்தேகம். இருட்டில் டார்ச் வைத்துக் கூப்பிடலாம் என்று மனைவி சொல்கிறாள். ஒரு தடவை அடித்தால் 'வா' என்று பழக்குகிறோம். 'போதும், போய்ப் படு' என்பதற்கு எத்தனை தடவை அடிப்பது?

நாகலூர் காப்பித் தோட்டம்

எங்கள் வீட்டில் இரண்டு. கண்ணில் அடிக்காதீர்கள், அவனுக்கு முன்னால் தரையில் அடியுங்கள். அந்தத் தண்ணீர் விஷயத்தில் உங்கள் ஆள் சொல்வதைக் கேளுங்கள்.